டாக்டர் பிளாசம் எழுதிய ஆட்டுக் கதை

வேலை போய் மூன்று வருஷமாகியும் வெர்னா ஹாஸ்கின்ஸுக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஆரம்பப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் நூலகராக இருந்தவள். நிதி இல்லை என்று நூலகத்தை மூடினார்கள். விளையாட்டுத் திடலுக்குப் புது விளக்குப் போட மட்டும் நிதி எங்கிருந்தோ வந்தது. வெர்னா வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். சின்ன வயதில் படித்துப் பெயர் மறந்துபோன புத்தகம் ஏதாவது உண்டா? நினைவிருப்பதை எழுதுங்கள், கண்டுபிடித்துத் தருகிறேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊர் ஆசிரியர்கள் வகுப்புக்கு நன்கொடை கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றுக்குக் கொடுங்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஜனங்களின் ஞாபகத்தை அவள் துளியும் நம்புவதில்லை. நீல அட்டை என்று சத்தியம் செய்வார்கள், புத்தகம் பச்சையாக இருக்கும். இரண்டு கதைகளை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டு, "இது ஒரே புத்தகம்தான்" என்று சண்டைக்கு வருவார்கள். சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத் தேடுவதுதான் அவள் கண்ட வழி. இதுவரை நூற்றுக்கும் மேலே கண்டுபிடித்திருந்தாள்.

இந்த வாரம் ரோஸ்லின் டக்கெட் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நூலகம் போனபின் அவள் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு கதைப் புத்தகம் கிடையாது. வகுப்புக்கு ஒரு அலமாரியும் நிறையப் புத்தகங்களும் கேட்டு அந்தப் பட்டியலில் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. முழுத் தொகையும் சேராவிட்டால் சேர்ந்ததும் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

"பாதிகூடத் தாண்டல வெர்னா," என்றாள் போனில். "உங்க மறதிக்காரங்க ஒருத்தரையாவது இந்தப் பக்கம் திருப்பி விடுங்களேன்."

"திருப்பி விட அவங்க என்ன மாடா? ஒருத்தர் இருக்கார். நான் கண்டுபிடிச்சா மீதி மொத்தமும் கட்டுறேன்னிருக்கார்."

"அப்புறம் என்ன, கண்டுபிடிங்க!"

"அதுதானே கிடைக்கமாட்டேங்குது."

அந்த ஒருவர் டெல்பர்ட் மேனார்ட். லாரி ஓட்டுகிறவர். மகள் ஷெல்பி போன இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டாள். இருபத்தாறு வயது. அந்த ஆற்றோரத்தில் அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கொண்டுபோன அதே போதை மாத்திரைகள்தான். வெர்னாவின் பள்ளியில்தான் படித்தவள்; மூன்றாம் வகுப்பில் நூலகத்திலிருந்து ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வருவாளாம். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிப் போய்விடும் ஒரு ஆட்டின் கதை. எழுதியவர் டாக்டர் பிளாசம். தாள்களைக் கோக்க ஓரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம். புத்தகத்தைப் பற்றி டெல்பர்ட் எழுதியது இவ்வளவுதான். "அதை அவ கல்லறையில வெக்கணும் மேடம்" என்று கடைசியில் ஒரு வரி.

வளையத்தை வெர்னா முதல் நாளே தள்ளிவிட்டாள். வளையம் போட்டு வருவது சமையல் குறிப்புப் புத்தகம்; மனுஷன் வீட்டில் பார்த்ததை இதோடு குழப்பிக்கொண்டுவிட்டார் என்று தீர்மானித்தாள். டாக்டர் பிளாசத்தைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு ஆள் இல்லை. பதினோரு நாள் தேடினாள். சனிக்கிழமை காலை ஒரு ஆட்டுக் கதை அகப்பட்டது. ஆடு இருந்தது, பஸ் இருந்தது, எழுதியவர் பெயர் மட்டும் வேறு. பழைய புத்தகக் கடையில் விலைக்கும் கிடைத்தது. முழுத் திருப்தி இல்லாமல் எதையும் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் டெல்பர்ட்டையே கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி, மிஸ்டர் மேனார்ட். அந்தப் புத்தகத்தை அவ கூடப் படிச்ச பிள்ளைங்க யாராவது படிச்சிருப்பாங்களா? கேட்டுப் பார்க்கலாம்."

"வேற யாரும் தொட்ட மாதிரி தெரியல மேடம். பின்னால அட்டை ஒண்ணு சொருகியிருப்பீங்களே, யார் எடுத்தாங்கன்னு. அதுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஷெல்பி, ஷெல்பி, ஷெல்பிதான். நான் கேலி பண்ணுவேன். ஏண்டி, உனக்காகவே எழுதினானாடி அந்த டாக்டர்னு. அவ விழுந்து விழுந்து சிரிப்பா."

முதல் நாளே தள்ளிவிட்ட அந்தக் கறுப்பு வளையம் இப்போதுதான் வெர்னாவின் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை எழுதச் சொல்வது அவள்தான். அவளே தட்டச்சு செய்வாள். அட்டைக்குப் பளபளப்புத் தாள் ஒட்டி, கறுப்பு வளையம் போட்டு, எண் எழுதி, மற்றப் புத்தகங்களோடு அலமாரியில் வைப்பாள். யாரும் கேலி செய்யக் கூடாது என்று ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். ஒரு வருஷம் மூன்று பேர் கேப்டன் ஆனார்கள். ஒரு பிள்ளை டாக்டர் ஆகியிருக்கிறது.

அந்தக் கதைப் புத்தகங்கள் போன இடமும் அவளுக்குத் தெரியும். நூலகத்தை மூடும்போது, விற்க முடிந்தவற்றை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டான். பின்னட்டையில் பதிப்பாளர் எண் அச்சடிக்காததெல்லாம் குப்பைக்கு. இருபது வருஷத்துப் பிள்ளைகளின் கதைகளை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்வாசல் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தவள் வெர்னாதான். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

கிடைத்த புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் நம்புவார். ரோஸ்லினின் பிள்ளைகளுக்கு அலமாரி வரும். அவள் வாய் வரை வந்தது அது. ஆனால் எவனோ எழுதியதை இந்தப் பெண்ணின் கல்லறையில் கொண்டுபோய் வைக்கவா?

"அது ஷெல்பி எழுதினது," என்றாள். "டாக்டர் பிளாசம் உங்க பொண்ணுதான்."

ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பைத் தொட்டியையும் சொன்னாள். "நான்தான் போட்டேன். இந்தக் கையாலதான்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"வேற பிரதி?"

"ஒண்ணுதான் போடுவோம்."

"சரி. கடைசியில அந்த ஆடு என்ன ஆச்சு மேடம்? வாரம் பூரா ஓட்டிட்டு வந்து சோபால விழுவேன். பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவா. பாதியிலேயே தூங்கிடுவேன். ஒரு தடவைகூட முடிவைக் கேட்டதில்ல. நீங்கதானே தட்டச்சு பண்ணீங்க? அதையாவது சொல்லுங்க."

வெர்னா கண்ணை இறுக்கி மூடினாள். வருஷத்துக்கு இருபத்திரண்டு கதைகள், இருபது வருஷம். ஊராரின் மறதியையெல்லாம் கிளறிக் கண்டெடுத்துக் கொடுத்தவளுக்கு, தன் விரல் அடித்த ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. ஆடு ஏறியதும் பஸ் போனதும் அவர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அந்தப் பெண்ணின் முகம்கூட வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். குப்பைத் தொட்டியைச் சொன்னதிலேயே அவளுடைய தைரியம் மொத்தமும் செலவாகிவிட்டது.

"வீட்டுக்கு வந்துடுச்சு," என்றாள். "டிரைவர் அதை வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போனார்."

டெல்பர்ட் மேனார்ட் அழத் தொடங்கினார். "நான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன். வழி தெரியாம எங்கயோ போயிடுச்சுன்னு… நல்லதாப் போச்சு மேடம். ரொம்ப நல்லது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஸ்லின் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"முழுசும் வந்துடுச்சு வெர்னா! உங்க லாரிக்காரர் மொத்தமாக் கட்டிட்டார். பிள்ளைங்ககிட்ட நாளைக்குச் சொல்லப்போறேன், கூரை பறக்கப் போகுது. இருங்க, ஏன் கொடுத்தீங்கன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்னவோ எழுதியிருக்கார். படிக்கிறேன் கேளுங்க: 'ஏனென்றால், ஆடு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் மகள் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.'"

எட்டு வயதுப் பிள்ளை ஒரு முடிவு எழுதி வைத்திருந்தது. அதை வெர்னா முதலில் குப்பையில் கொட்டினாள். இப்போது அந்த இடத்தில் தன்னுடையதை எழுதிவிட்டாள். இனி யார் தேடினாலும் அந்தப் பிள்ளையுடையது கிடைக்காது.

"என்ன வெர்னா இது? ஆடுங்கறார், மகள்ங்கறார். உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

"இல்ல," என்றாள் வெர்னா.