மேசை விளிம்பில் ஒரு சொட்டு

சினிமாவில் மனிதர்கள் எறும்பளவுக்குச் சுருங்கினால் போதும், என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். இயற்பியல் ஆசிரியை. "ஆள் சுருங்கிட்டான், சரி. அவன் எடை எங்கங்க போச்சு?" என்று தியேட்டரில் சத்தமாகவே கேட்பாள். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும்.

அப்படிப்பட்டவளைப் படப்பிடிப்புக்கு அழைத்துப் போனதும் நானேதான். "படத்துல அறிவியல் தப்பே இருக்கக் கூடாது" என்று இயக்குநர் சொன்னபோது, "எங்க வீட்டுலயே ஆள் இருக்கு சார்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் செட் போடுகிறவன். ஒரு மேசையின் ஓரத்தை ஏழு வாரம் உழைத்து மூன்று மாடி உயரத்துக்குக் கட்டியிருந்தேன். எறும்பளவான நாயகன் அதன் விளிம்பில் தொங்குவான், விழுந்தால் சாவு. படத்தின் உச்சக்காட்சியே அதுதான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "விழுந்தா ஒண்ணும் ஆகாது. மேசையிலேருந்து விழுந்து செத்த எறும்பைப் பாத்திருக்கீங்களா? அவ்வளவு சின்ன உடம்பைக் காத்தே தாங்கிடும்."

இயக்குநரின் முகம் சுண்டிப்போனது. "அப்ப இந்த செட்டே வேண்டாம். பிரிச்சிடுங்க."

நான் அவளை முறைத்தேன். அவளோ ஒன்றும் நடக்காததுபோல் ஏணியில் ஏறி, மேசைமேல் நான் வரைந்திருந்த தேநீர்க் கறையின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"கறையோட ஓரம் மட்டும் ஏன் கருப்பா இருக்கு?"

"சொட்டு காஞ்சா அப்படித்தான் இருக்கு. லென்ஸ் வச்சு நாலு நாள் பாத்தேன்" என்றேன் எரிச்சலோடு.

"காயும்போது தூளெல்லாம் ஓரத்துக்கு ஓடிடும். வருஷா வருஷம் பாடம் எடுக்கறேன். ஒரு நாள்கூட இப்படி உத்துப் பாத்ததில்லைங்க."

அவள் குரலில் இருந்தது மரியாதை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அதை அன்றுதான் கேட்டேன். கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போனது.

அவள் மேலிருந்தே இயக்குநரை அழைத்தாள். "சார், மேசையைப் பிரிக்காதீங்க. இது மேல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. அவன் அளவுக்குத் தண்ணி பசை மாதிரி. ஒட்டினா விடாது, மூச்சை அடைச்சிடும்."

"எடை எங்க போச்சுன்னு கேப்பீங்களாமே?" என்றார் அவர் பயந்தபடி.

"அது ஒண்ணை மன்னிச்சிடலாம் சார்."

படம் வெளியான அன்று நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகனின் கை சொட்டில் ஒட்டியது. அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் அவன் முகத்தை மூடியபோது என் கையை இறுகப் பிடித்தாள்.

"அது வெறும் பிளாஸ்டிக். நான்தான் செஞ்சேன்" என்றேன் அவள் காதில்.

"சும்மா இருங்க. அவன் முதல்ல மூச்சு விடட்டும்" என்றாள்.