தாட்சாயணிக்கும் டேப்புக்கும்

பள்ளிக்கூடத்துக்கு டேப் வந்த நாளிலிருந்து தாட்சாயணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். கண்ணாடியும் பிளாஸ்டிக்குமாக ஒரு கம்ப்யூட்டர் பலகை, அதைப் பார்த்து நாற்பது வயதுப் பொம்பளை பொறாமைப்பட்டாள்.

ஆந்திராவில், நகரி மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் அது. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பாடம் நடத்தும் ஸ்வர்ணலதா மேடம் திருப்பதியிலிருந்து புத்தூரில் பஸ் மாறி வருகிறவள். தமிழில் 'வா', 'உட்காரு' என்பதற்கு மேல் அவளுக்கு வராது. அதனால்தான் உள்ளூர்க்காரியான தாட்சாயணியை உதவி டீச்சராக வைத்திருந்தார்கள். மேடம் தெலுங்கில் சொல்வதை இவள் தமிழில் சொல்ல வேண்டும்.

சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டால் அவள் தாட்சாயணி இல்லையே. "இதுங்க மண்டையில என்ன மண்ணா இருக்கு?" என்று மேடம் தெலுங்கில் சீறினால், "மேடம் இன்னொரு வாட்டி கவனிச்சிக் கேக்கச் சொல்றாங்க கண்ணுங்களா" என்பாள். பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டதென்று ஒரு தாய் வந்து தமிழில் மேடத்தைக் கிழி கிழியென்று கிழித்தால், "மேடம், இனிமேல் வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள்" என்று தெலுங்கில் போட்டுவிடுவாள். இந்தப் பக்கமும் சந்தோஷம், அந்தப் பக்கமும் சந்தோஷம். நடுவில் இவள் ராணி. அவள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் ஊமையாகிவிடும் என்று ஊரே சொன்னது, அவளும் நம்பினாள்.

சித்தூரில் நடந்த பயிற்சிக்குப் போன மேடம், வரும்போது டேப்பைக் கையோடு கொண்டுவந்தாள். ஏஐயாம். பட்டனை அமுக்கிக்கொண்டு தமிழில் கேட்டால் தமிழிலும் சொல்லும், தெலுங்கிலும் சொல்லும். ஒரு மொழியில் பேசியதை மற்ற மொழியில் மாற்றியும் சொல்லும். முதல் நாள் அது, "வணக்கம் மாணவர்களே, நாம் இன்று பின்னங்களைக் கற்போம்" என்று மேடைப்பேச்சுத் தமிழில் ஆரம்பித்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாட்சாயணிக்கு அப்படியொரு நிம்மதி. இதுவாவது, நம்ம பிள்ளைகளோடு பேசுவதாவது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "துன்னுட்டு வந்தேன்", "எழுதிக்கினு இருக்கேன்" என்று பிள்ளைகள் எப்படிப் பேசினாலும் அது புரிந்துகொண்டது. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அதற்கு 'டேப்பக்கா' என்று பேர்வைத்துக் கொஞ்ச ஆரம்பித்தார்கள். தாட்சாயணி சும்மா இருப்பாளா? சார்ஜ் இல்லை என்று சொல்லி இரண்டு நாள் டேப்பை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மூன்றாம் நாள் மேடமே சாவி கேட்டாள்.

எல்லாரும் போனால் போகட்டும், தேன்மொழியும் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தேன்மொழி நான்காம் வகுப்பு. போன வருடம்வரை திருத்தணிப் பக்கத்தில் மாமா வீட்டில் இருந்து படித்தவள். வந்த புதிதில் தெலுங்கு எழுத்தைப் பார்த்தாலே அழுதாள். தாட்சாயணியின் முந்தானையைப் பிடித்தபடியே வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை இல்லாத தாட்சாயணி, வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்து அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுப்பாள். அந்தப் பெண் இப்போது சாப்பாட்டு நேரத்தில்கூட டேப்பை மடியில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்தியது.

குசுகுசுப்பின் காரணம் ஒரு திங்கட்கிழமை வெளியே வந்தது. "தாட்சாயணி, நம்ம தேன்மொழி என்ட்ரன்ஸ் பாஸ்! திருப்பதிப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியில் சீட் கிடைத்திருக்கிறது" என்றாள் மேடம், தெலுங்கில், முகமெல்லாம் பல்லாக. பரீட்சைக்குத் தயார் செய்தது மேடமும் டேப்பும். அழைத்துப் போனது மேடம். தாட்சாயணியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேன்மொழியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏண்டி, என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் டீச்சர்" என்றது அது, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஃபெயிலாயிட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் அம்மாவையும் சொல்லாதன்னேன். டேப்பு யாராண்டையும் சொல்லாது."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலமே தேன்மொழியின் அம்மா மல்லிகா தேடிக்கொண்டு வந்தாள். புருஷன் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். மல்லிகாவும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான், தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. எதுவென்றாலும் தாட்சாயணி சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு.

"அக்கா, நீ சொல்லு. அங்க போயி சமாளிப்பாளா? அவங்க நைனாவும் உன்னையே கேக்கச் சொல்லிச்சி."

தாட்சாயணிக்கு பதில் தெரியும். அந்தப் பெண் சமாளிக்கும், ஜம்மென்று சமாளிக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு. "வேணாம் மல்லிகா. அங்க முழுக்கத் தெலுங்கு. நான் பக்கத்துல இல்லன்னா அதுக்கு ஒண்ணும் புரியாது. அழுதுக்கினு திரும்பி வந்துடும்."

மல்லிகா தலையாட்டிவிட்டுப் போனாள். தாட்சாயணிக்கு அன்று சோறு நன்றாகவே இறங்கியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை மல்லிகா பள்ளிக்கூடத்துக்கு வந்து மேடத்தின் முன்னால் நின்றாள். தாட்சாயணி வழக்கம்போல் நடுவில் நின்றாள். தேன்மொழி டேப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துப் பட்டனை அமுக்கிப் பிடித்தது.

"அவள அனுப்பல மேடம்" என்றாள் மல்லிகா. "எனக்கு ஆசதான். அக்கா இல்லாம அவ சமாளிக்க மாட்டான்னு அக்காதான் சொல்லிச்சி."

தாட்சாயணி முந்திக்கொண்டாள். "வீட்டு வேலைக்கு ஆள் இல்லையாம் மேடம், அதனால் அனுப்பவில்லை என்கிறாள்" என்று தெலுங்கில் சொன்னாள்.

அவள் வாயை மூடவில்லை, டேப் ஆரம்பித்துவிட்டது. மல்லிகா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தெலுங்கில் நிதானமாகச் சொல்லி முடித்தது. மேடத்தின் பார்வை டேப்பிலிருந்து தாட்சாயணிக்கு வந்து அங்கேயே நின்றது.  தாட்சாயணி எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமென்று பார்த்தாள், இரண்டு மொழியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது தேன்மொழி பட்டனிலிருந்து கையை எடுத்தது. மேடத்தைப் பார்த்துத் தானாகவே பேசியது. "நேனு வெள்தானு மேடம். நாகு பயம் லேது."

திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனாலும் தெலுங்கு, அதன் சொந்தத் தெலுங்கு. தாட்சாயணி அதன் வாயிலிருந்து இதுவரை தெலுங்கில் ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை. தமிழில் சொல்ல இவள் எப்போதும் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பெண் தெலுங்கு பேச வேண்டிய தேவையே வரவில்லையே.

பட்டனை விட்டுவிட்டதால் டேப் அதைத் தமிழில் சொல்லவில்லை. மல்லிகா தாட்சாயணியின் முகத்தைப் பார்த்தாள். "என்னாக்கா சொல்றா?"

இப்போதும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறதாம், போகவில்லையாம் என்று சொன்னால் மல்லிகா இந்த நிமிடமும் நம்புவாள். தாட்சாயணி அந்த வாக்கியத்தைக்கூட மனதில் தயார் செய்துவிட்டாள், அவ்வளவு எரிச்சல் இருந்தது.

"போறேங்கறா" என்றாள்.  "பயமில்லங்கறா. அனுப்பு மல்லிகா. நான் நேத்து சொன்னது பொய். அது என்னை உட்டுட்டுப் போவுதேன்னு பொறாமையில சொன்னேன்."

 மல்லிகா மேடத்தைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தாள். தேன்மொழி ஓடி வந்தது. தாட்சாயணியின் கை தானாக முந்தானையை விலக்கிக்கொண்டு முன்னால் நீண்டது. பெண் அவளைத் தாண்டிப் போய் ஸ்வர்ணலதா மேடத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.