சுழல்படியில் ஏறாத பீரோ

எங்கள் மாடிக்குப் போவது இரும்பில் செய்த சுழல்படி. ஒரு ஆள், கையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் ஏற முடியும். அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிப் போட்டவள் நான்.

எல்லாம் தற்காலிகத்தால் வந்தது. அது நான் ஒரு மனிதருக்கு வைத்த பெயர். "தற்காலிகமாத்தான், ரெண்டே மாசம்" என்று சொல்லி மாடிக்குக் குடிவந்த தட்டச்சு வாத்தியார் ஒன்பது வருஷம் இருந்தார். காலி செய்யச் சொன்னதற்குக் கோர்ட்டுக்குப் போனார். வழக்குக்கு அலைந்தே என் கணவர் பாதி ஆளாகிப் போனார், தீர்ப்பைப் பார்க்கவும் இருக்கவில்லை. கடைசியில் வாத்தியார் கிளம்பிய அன்று நாலு பேர் மூச்சு வாங்க ஒரு பீரோவை இறக்கினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியோடு வருகிறவர் கிளம்பிவிடுவார், பீரோவை ஏற்றிவிட்டவர் அசைய மாட்டார்.

மறுவாரமே ஒரு கட்டில், மேசை, இரண்டு நாற்காலியை மாடியில் ஏற்றிவிட்டு, அகலமான சிமெண்டுப் படியை இடித்தேன். வெல்டிங்காரர் சுழல்படி போட்டார். அதன் பிறகு யார் வந்தாலும் மூன்று மாத ஒப்பந்தம். பயிற்சிக்கு வந்த நர்ஸ்கள், பாலம் கட்ட வந்த என்ஜினீயர் என்று எட்டு வருஷமாக எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். கடைசி நாள் காலையில் பல் தேய்த்த கையோடு படிக்குக் கீழே சாவிக்காக நிற்பேன். தெருவில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கோர்ட்டுக்கு அலைந்தது அவர்களா?

போன மாதம் ஒரு மதியம், மாடி காலியாக இருந்த நேரத்தில், என் மகள் வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு பெட்டி.

"கை நீட்டிட்டாரும்மா. ரெண்டாவது தடவை. இனிமே அங்க போக மாட்டேன்."

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"முதல் தடவை எப்போடி?"

"போன வருஷம்."

"அப்பவே ஏன் வரல?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்தா எங்க இருக்கறது? கீழ ஒரே ரூம். மாடின்னா, மூணு மாசம் கழிச்சு எங்க போறது? அதான், அட்ஜஸ்ட் பண்ணிப் பார்த்தேன்."

"உன் பீரோ?" அது அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. சான்றிதழ், துணிமணி எல்லாம் அதில்தான் இருந்தது.

"அங்கயே இருக்கு. நம்ம படியில ஏறாதுல்ல."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். யாரையோ விரட்ட நான் போட்ட படி, பெற்ற பெண்ணை ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே உட்காரவைத்திருக்கிறது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். பஞ்சாயத்து என்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"மூணு மாசம் மாடியில இருக்கட்டும். கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"அவ வாடகைக்கு வரலண்ணே."

"எல்லாருக்கும் மூணு மாசம்னு கறாரா சொல்றவ நீதானே? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"எட்டு வருஷமா கல்நெஞ்சுக்காரின்னு சொல்றாங்க. இனி புதுசா எதையாவது சொல்லட்டும்."

மறுநாள் காலை வேனும் நாலு ஆட்களுமாக மருமகன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலை மறித்து நின்றார்.

"பீரோ எதுக்கு? தானா திரும்பி வரப் போறா."

"வழிய விடுங்க மாப்பிள்ளை."

விட்டார். எனக்காக இல்லை, என் பின்னால் நின்ற நாலு பேருக்காக.

வீட்டுக்கு வந்ததும் வெல்டிங்காரர் பால்கனிக் கம்பியை அறுத்து வழி செய்தார். பீரோவுக்குக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதி உயரத்தில் அது சுற்றிக்கொண்டு ஆடியபோது மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வழியாக உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தது. நானும் மகளும் மேலே ஏறினோம். அண்ணன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டிங்காரர் அறுத்த கம்பியைக் கையில் எடுத்தார். "அக்கா, இதை வெல்டிங்ல பத்த வைக்கவா, இல்ல போல்ட் போட்டு மாட்டிடவா? நாளைக்கு பீரோவ எறக்கணும்னா கழட்டறது சுலபம்."

"அதச் செய்யுங்க" என்றார் அண்ணன் கீழேயிருந்து.

மகள் பீரோவைத் திறக்கப் போனவள், சாவியைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. என் பதிலுக்குத்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது.

தெருவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"எறக்க மாட்டோம் தம்பி. நல்லா பத்த வச்சிடுங்க."