இரண்டாவது கிண்ணம்

தங்கைக்குச் சிறுநீர்த் தொற்று. மாத்திரை ஆரம்பித்தும் காய்ச்சல் இறங்கின பாடில்லை. "மருந்து உள்ள போயும் கிருமி சாகலைன்னா, அட்மிட் பண்ணி வீரியமான ஊசிதான். குழந்தைக்குப் பால் நிறுத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்குழந்தைக்காரி அழுது தீர்த்தாள். மாத்திரையே போலியோ என்று எனக்குச் சந்தேகம். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையையும் அவளுடைய சிறுநீரையும் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

மருந்தில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு. இயந்திரம் கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சி, ரசாயனம் கலந்து, நிறத்தைப் பார்த்துத் திரையில் மேடு வரையும். மருந்து அதிகமானால் மேடு உயரும். மாத்திரைக் கரைசல் சரியான உயரம் காட்டியது, போலி இல்லை. அடுத்து சிறுநீர். அதுவும் நல்ல மேடு. மருந்து உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் ஊசிதான்.

சரிபார்க்க வைத்த அதே சிறுநீரின் இரண்டாவது கிண்ணத்தில் மேடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

ஒரே சிறுநீர் இப்படி மாற்றிப் பேசுமா? பிறகுதான் உறைத்தது. நடுவில் கழுவும் தண்ணீர்க் கிண்ணம் இல்லை! குழாயில் ஒட்டியிருந்த மாத்திரைக் கரைசல்தான் அந்த முதல் மேடு. "தண்ணிய அளந்து என்னத்தக் கிழிக்கப் போறோம்?" என்று அதை நிறுத்திய புண்ணியவான் எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம்.

"சார், கழுவாம ஓட்டினா இப்படித்தான் பொய் சொல்லும்!"

"ஏம்மா காலங்காத்தால உயிர வாங்குற? ஒரு தடவ தப்பு வந்தா உலகம் முழுகிடுமா?"

"என் தங்கச்சி குடும்பம் முழுகிடும் சார்!"

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. தண்ணீர் வைத்து மறுபடி ஓட்டினேன். சிறுநீரில் மருந்து துளிகூட இல்லை. விழுங்கியிருந்தால் இந்த மருந்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வந்தாக வேண்டும். எரிச்சல் தலைக்கேற, போனை எடுத்தேன்.

"ஏன்டி, மாத்திரைய முழுங்குறியா இல்லையா?"

"பால்ல இறங்கிடும்னு பயமா இருந்துச்சுக்கா. யாரும் பாக்காதப்ப துப்பிடுவேன்."

"இந்த மாத்திரை போட்டுக்கிட்டே பால் குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரே! சந்தேகம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உங்கிட்டயா? எதைக் கேட்டாலும் வள்ளுன்னு விழுவியேக்கா."

கத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"சரிடா. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப ஒண்ணு போட்டுக்கோ, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.

அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.