கம்பி விழுந்த பிறகு

அந்தக் கடையின் வாசல் காவலாளியை எல்லாரும் பட்டாளம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. ஒரு முறை ஆள் எடுக்கிறார்கள் என்று போய், மார்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன். மீசையையும் நிற்கிற விறைப்பையும் பார்த்து யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற பெரிய கடை. கீழ்த்தளத்தின் பின்சுவர் முழுக்க டிவிதான். ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை, எல்லாவற்றிலும் ஒரே சேனல். அந்த வாரம் மூன்று நாள் தொடர்ந்து நிதி திரட்டும் நிகழ்ச்சி ஓடியது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டைச் சண்டையும் பஞ்சமும் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தன. பாடகர்கள் பாடினார்கள், நடிகைகள் போன் எடுத்து நன்றி சொன்னார்கள். கால் மணிக்கு ஒரு தரம் ஒரு சிறுமியின் முகம் வந்தது. ஆறு வயது இருக்கும். மஞ்சள் கவுன், கையில் நசுங்கிய தகரக் குவளை, கண்ணோரம் ஈ. "இவளுக்கு யாருமே இல்லை. நீங்கள் இருக்கிறீர்களா?" என்று ஒரு குரல் தழுதழுக்கும்.

டிவி வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள்.

"எங்க தெருவுல மூடி இல்லாத குழியில விழுந்து ஒருத்தன் காலை ஒடிச்சிக்கிட்டான். அவனுக்கு யாரு பாட்டுப் பாடினா?" என்றார் ஒருவர்.

"குடுக்கறது எல்லாம் அங்க போயா சேருது? பாதி வழியிலேயே அமுக்கிடுவானுங்க," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பச்சப்புள்ள மூஞ்சியப் பாத்துட்டு எப்படிப்பா கைய மடக்கிக்கிட்டு நிக்கறது," என்று அங்கேயே போனை எடுத்தாள் ஒரு பெண்மணி.

பட்டாளம் எதிலும் வாய் கொடுக்கவில்லை. ஆனால் அந்த முகம் வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். அது அவன் வீட்டு முகம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் பெண்டாட்டி, இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் அந்த நிகழ்ச்சியை நடத்துகிற நிறுவனத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் அனுப்பிய அந்தப் படம் கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அதன் கன்னத்தை விரலால் தொட்டுவிட்டுத்தான் போவாள். "நம்ம பாப்பா" என்பாள். மழை பிடித்தால், "அங்கயும் பெய்யுமாங்க?" என்று கேட்பாள். "நம்மகிட்ட ரெயின்கோட்டு கேக்காத வரைக்கும் சரி," என்று அவன் கேலி செய்வான். செய்தாலும், அவள் இல்லாத நேரத்தில் அவனும் தொட்டதுண்டு.

கடையில் பெருக்கித் துடைக்கிறவள் அந்த நாட்டிலிருந்து படகில் தப்பி வந்தவள். அக்கரையம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்து மூன்று வருஷத்தில் நம் பேச்சைக் கற்றுக்கொண்டாள், ஆனால் சொல் சொல்லாகத்தான் வரும். பட்டாளம் அவளை அக்கா என்பான். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு இரண்டு பேரும் படியில் நின்று டீ குடிப்பார்கள்.

நிகழ்ச்சி தொடங்கிய அன்றே அவள் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், வேற சேனல் மாத்துங்க."

"ஏம்மா, உங்க ஊருக்குத்தானே கேக்கறாங்க? நீ சந்தோஷமில்ல படணும்," என்றார் மேனேஜர்.

மறுநாளும் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மதியம், கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ சத்தம் கேட்கவில்லை என்றார்கள். மேனேஜர் எல்லாப் பெட்டியிலும் சத்தத்தை ஏற்றினார். அக்கரையம்மா துடைப்பத்தோடு அவர் முன்னால் வந்து, "சார், கால்ல விழறேன்," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார்.

முப்பத்தாறு திரையிலும் அந்தச் சிறுமி வந்தாள். "இவளுக்கு யாருமே இல்லை," என்றது குரல்.

ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி வாசல் மூலையில் சாத்தியிருக்கும். ஆள் உயரம், கனமான இரும்பு. அதைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே நடந்தபோது, ஏதோ வேலையாகத்தான் போகிறாள் என்று பட்டாளம் நினைத்தான். முதல் அடி நடுவரிசையில் விழுந்தது. கண்ணாடி சிலந்திவலை போலக் கீறி, சிறுமியின் முகத்தில் பாதி கறுத்தது. இரண்டாவது அடியில் பெட்டி சுவரை விட்டுப் பிய்ந்து தொங்கியது. சில்லுகள் தெறித்து முன்னால் நின்ற ஒருவரின் நெற்றியைக் கிழித்தன. ஜனம் அலறிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது.

படம் போனாலும் குரல் போகவில்லை. குரல் வந்த பக்கமெல்லாம் அவள் அடித்தாள். வாயைத் திறக்கவில்லை, அழவில்லை. விறகு பிளக்கிறவள் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து அடித்தாள். ஓடிவந்து தலைமயிரைப் பிடித்த விற்பனைப் பையனை உதறிவிட்டு, கம்பியைச் சுழற்றினாள். அது மேனேஜரின் காறை எலும்பில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

பட்டாளம் லத்தியோடு பாய்ந்தான். ஓங்கி முழங்கையில் ஒன்று போட்டான். கம்பி தரையில் விழுந்து உருண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டாள்.

அதோடு அவன் வேலை முடிந்திருந்தது. ஆனால் அவன் கண் சுவரில் இருந்தது. ஒரு திரையில் சிறுமியின் ஒரு கண் மட்டும் மிச்சம். இன்னொன்றில் வாயிருந்த இடத்தில் ஓட்டை. அவள் அடித்தது கண்ணாடியை அல்ல, வீட்டில் செருகியிருக்கிற அந்தக் கன்னத்தை என்று அவனுக்குப் பட்டது. உச்சந்தலையில் ரத்தம் ஏறியது. லத்தி தானாக உயர்ந்த மாதிரி இருந்தது. தானாக உயரவில்லை, அவன்தான் உயர்த்தினான். அதே கையில் ஒன்று. தோளில் ஒன்று. அவள் முகத்தைத் தூக்கியபோது வாயில் ஒன்று.

"பச்சப்புள்ள மூஞ்சியையாடி உடைக்கற?" என்று கத்தினான்.

அவள் ஒரு பல்லைத் துப்பினாள். "எம் பொண்ணு," என்றாள். "அது எம் பொண்ணு, தம்பி. செத்து நாலு வருஷம் ஆச்சு."

அவன் லத்தியைக் கீழே போட்டான். ஆனால் கூட்டத்துக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. "நாம சோறு போடறோம், நம்ம சொத்தையே உடைக்கறா பாரு," என்று ஒருவர் அவள் விலாவில் எட்டி உதைத்தார். பாதி வழியில் அமுக்குவதைப் பற்றிப் பேசியவர் அவர்தான். போன் எடுத்துப் பணம் கொடுத்த பெண்மணி கைப்பையால் இரண்டு வைத்தாள். பட்டாளம் அக்கரையம்மாவின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். மிச்ச உதை எல்லாம் அவன் முதுகில் விழுந்தது. போலீஸ் வந்து பிரித்தபோது அவன் சட்டையில் இருந்த ரத்தத்தில் பெரும்பாதி அவளுடையது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தாள். அக்கரையம்மாவின் கை மாவுக்கட்டில் இருந்தது, உதடு தையலில் இருந்தது. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரத் தைரியம் வரவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா, பொண்ணுன்னு."

"சொன்னா?" என்றாள். "எல்லாரும் வந்து என்னையும் பாப்பாங்க. டிவி பாக்கற மாதிரி."

பிறகு அவளே சொன்னாள். அந்த நிறுவனத்தின் மாவு மூட்டை லாரி வருகிற நாளில் கேமராக்காரர்கள் அவர்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்கு வந்தார்கள். குழந்தை அவள் மடியில் இருந்தாளாம். அம்மா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், குழந்தை தனியாக இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு மனசு இளகும் என்றார்களாம். அவள் தள்ளி நின்றாள். யாரோ பக்கத்துக் கூடாரத்துக் குவளையை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்தார்கள்.

"அப்புறம் பசியிலயா?" என்று கேட்டான்.

"பசி இல்ல. லாரி திரும்பவும் வந்துச்சு. வரிசையில நின்னோம். மலை மேல இருந்து சுட்டாங்க. எம் முன்னாடி நின்னா. எனக்கு வரவேண்டிய குண்டு அவளுக்கு வந்துச்சு." அவள் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவளைப் புதைச்சிட்டு மறுபடியும் போய் வரிசையில நின்னேன், தம்பி. மூட்டை வாங்கினேன். நாந்தான் தின்னேன். அதாலதான் இருக்கேன்."

வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். ஏமாந்துவிட்டோம் என்று அவள் குதிப்பாள் என்றுதான் நினைத்தான். அவள் வேறொன்று கேட்டாள்.

"எத்தனை அடி அடிச்சீங்க?"

"நாலு."

"கம்பி கீழ விழுந்ததுக்கு அப்புறம்?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"கேக்கறேன்ல."

"மூணு," என்றான்.

கன்னத்தில் பளீரென்று ஒன்று விட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணாடியிலிருந்து எடுத்த படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். பெற்றவளிடம் ஒரு படம்கூட இருக்காதே என்று நினைத்திருக்கிறாள். அக்கரையம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "இது மூஞ்சி இல்லம்மா," என்றாள். "அவ எப்பவும் சிரிச்சிக்கிட்டே இருப்பா. பேசி வாய் வலிக்கும். அன்னைக்கு அழச் சொன்னாங்க, அழுதா. அவ்வளவுதான்." இவள் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சிரிக்கிற குழந்தை என்னவெல்லாம் பேசுவாள் என்று சாயங்காலம்வரை கேட்டுவிட்டு வந்தாள்.

அக்கரையம்மாமேல் வழக்கு கொலைமுயற்சி என்று பதிவாகியிருந்தது. கடை முதலாளியின் மைத்துனர் பட்டாளத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"கடைசிவரைக்கும் அவ கையில கம்பி இருந்துச்சு, உன்னையும் குத்த வந்தா. இதான் நடந்தது. கையெழுத்துப் போடு."

"அப்படி நடக்கல சார். முதல் அடியிலேயே கம்பி விழுந்துருச்சு."

"யோவ், அப்படிச் சொன்னா உள்ள போறது நீதான், தெரியுதா?"

"தெரியுது சார்."

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் அவனைச் சூழ்ந்தார்கள். ஒருவன் பின்னால் இருந்து கழுத்தை நெரித்தான். மற்றவர்கள் வயிற்றிலும் முகத்திலும் குத்தினார்கள். கீழே விழுந்த பிறகும் விடவில்லை. வலது கையைத் தரையில் நீட்டி, பூட்ஸ் காலால் விரல்களின்மேல் ஏறி நின்றான் ஒருவன். இரண்டு விரல் நொறுங்கியது. சுற்றி நின்றவர்கள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்து அடி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. போதும் என்று நினைக்கிறோம், அடுத்தது வருகிறது. அவளுக்கு அப்படி மூன்று தடவை வந்திருக்கிறது.

வீங்கிய முகத்தோடு கோர்ட்டில் ஏறினான். உங்களை யார் அடித்தது என்று நீதிபதி அம்மா கேட்டார். அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் நான் அடித்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றான். ஓர் அடி கம்பியை விழவைக்க, மூன்று அடி கோபத்தில் என்று எந்த இடத்தில் என்ன பட்டது என்பதுவரை சொன்னான். மேனேஜர், தோள்பட்டைக் கட்டோடு வந்திருந்தவர், அவள் மூன்று நாளும் வந்து கெஞ்சியதை ஒத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பேன்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கொலைமுயற்சி நிற்கவில்லை. பொருளை உடைத்ததற்கும் காயப்படுத்தியதற்கும், ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்கள் போதும் என்று அவளை விட்டுவிட்டார்கள். அவன் சொன்னதை வைத்தே தனி வழக்குப் போட்டு, பட்டாளத்துக்கு மூன்று மாதம் ஜெயில் கொடுத்தார்கள். வேலையும் போயிற்று.

அவன் உள்ளே இருந்த காலத்தில் அவன் பெண்டாட்டி, அந்தப் படத்தை நீக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்குப் போன்மேல் போன் போட்டாள். முதலில் அது அடையாளத்துக்குப் போடுகிற படம் என்றார்கள். பெற்றவளையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய பிறகுதான் நீக்கினார்கள். மறுவாரம் விளம்பரத்தில் அந்த இடத்தில் ஒரு சிறுவன் வந்தான். அவனும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

விடுதலையாகி வந்தவன் பெண்டாட்டியைக் கேட்டான். "இன்னும் அனுப்பறியா?"

"அனுப்பறேன்."

"இவ்வளவுக்கு அப்புறமுமா?"

"அந்த மூட்டை போகலைன்னா அவங்க இருந்திருப்பாங்களா? படம் வேணாம்னு எழுதிட்டேன். மூட்டை போகட்டும்."

ஒரு மாதம் கழித்து மார்க்கெட் தெருவில் அக்கரையம்மாவை எதிரே பார்த்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை கிடைத்திருந்தது. முன்வாயில் ஒரு பல் இல்லை. அவன் பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று ஜெயிலில் தொண்ணூறு நாள் யோசித்து வைத்திருந்தான்.

"நீ கோர்ட்டுல சொன்னது நல்லது, தம்பி," என்றாள் அவள். "அது எனக்குத் தெரியும்."

பிறகு வலது கையை அவன் முன்னால் நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. மடக்கிக் காட்டப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது.

"ஆனா தலை வார முடியல," என்று சொல்லிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு நடந்து போனாள்.