அம்மா 5

சாஹுல் ஹமீது நானா மூன்று வழிகாட்டிக் கருவிகளையும் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்கள் இருவரையும் பார்த்தார். கண்டி கொழும்புத் தெருவில் இருந்த அவருடைய கடை கைபேசி திருத்துவதற்கா, பழைய மணிக்கூடு விற்பதற்கா என்று கடைசிவரை தீர்மானிக்கப்படாத ஒன்று. 2008 ஜூலை. வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

முதலாவது கருவி காருக்கு உரியது. பெரிய திரை, கலர். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று உள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்லிக்கொண்டே வருவாளாம். பெற்றரி இரண்டு மணித்தியாலம் நிற்கும்.

"ரெண்டு மணித்தியாலத்துல நாங்க கடுகண்ணாவையே ஏறி முடிக்க மாட்டோம் நானா. பாதி மலையில அந்தம்மா செத்துருவாங்க" என்றேன்.

இரண்டாவது கையில் கட்டுவது. ஓடுகிறவர்கள் பாவிப்பதாம். "இது நெஞ்சு அடிக்கிறதயும் எண்ணும் தம்பி" என்றார் நானா.

"அது எண்ணாமலே தெரியும்" என்றான் சிறி.

சிறி என்கிற ஸ்ரீஸ்கந்தராசா என் அறைத்தோழன். பேராதனையில் பொறியியல் மூன்றாம் வருடம். ஊர் கிளிநொச்சி. நான் கலஹா, தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராதனைக்கு பஸ் ஏறி, அப்படியே பல்கலைக்கழகத்துக்குள் இறங்கியவன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவை ஒரு அறையும், ஆளுக்கொரு பழைய சைக்கிளும், பாதை திறந்ததும் கண்டியிலிருந்து கிளிநொச்சிக்கு நான்கு நாளில் சைக்கிளில் போவது என்ற ஒரு திட்டமும்தான். வடக்குக்குப் போகும் ஏ ஒன்பது வீதி போரினால் மூடி அப்போதே இரண்டு வருடம். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பயிற்சி எடுத்தோம். மூடிய பாதைக்குப் பயிற்சி எடுப்பவர்கள் இலங்கையில் நாங்கள் இருவர்தான் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மூன்றாவது கருவி மஞ்சள் நிறம், கைக்கடக்கமானது, சோப்புக் கட்டி போலத் தடித்தது. துபாயிலிருந்து திரும்பிய யாரோ விற்றது. வரைபடம் கிடையாது. கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு அம்பு, கீழே தூரம், அவ்வளவுதான். ஒரு இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு இலக்கங்களைக் கொடுத்தால் அந்தத் திசையை அம்பு காட்டும். வலப்பக்கப் பொத்தான் இறுகிப்போய் நகத்தால் அழுத்த வேண்டியிருந்தது. ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கக்கூடிய இரண்டு பென் பெற்றரியில் ஒரு நாள் முழுக்க ஓடும். மழையில் நனைந்தாலும் சாகாது. விலையும் இரண்டு பேருடைய மஹாபொல உதவிப் பணத்துக்குள் அடங்கியது.

"ஏ ஒன்பது நேரா போற ரோடு. அதுல வழி தவறணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். இது எதுக்குடா?" என்று சிறியைக் கேட்டேன்.

"வழிக்கில்லையடா. இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு பாக்க."

நானா கருவியைக் கடதாசியில் சுற்றி, அதை ஒரு பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்தார். "தம்பிமாரே, ஒண்டு செல்றேன். செக் பொயின்ற்ல இத வெளிய எடுக்க வாணாம். எடுத்தா, எங்க வாங்கினீங்க எண்டு கேப்பான். எங்க வாங்கினீங்க?"

"கீழ கெடந்து எடுத்தோம்" என்றேன்.

"மாஷா அல்லாஹ். நல்லாப் படிச்சு முன்னுக்கு வருவீங்க" என்றார்.

சிறி விடுதி அறையில் பெற்றரி இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். அவனுடைய சின்ன வயதில் கிளிநொச்சி இருக்கும் வன்னிக்குப் பெற்றரி கொண்டுபோவதற்குத் தடை. தேய்ந்ததை வெயிலில் வைத்து, பல்லால் கடித்து, இன்னொரு ராத்திரி ரேடியோ கேட்ட ஆட்கள். கடையில் புதிதாக வாங்கிய பெற்றரியை அவன் எப்போதும் இனிப்புப் போலத்தான் பிடிப்பான்.

முதலில் வீட்டைப் போட்டான். இலக்கங்களை வரைபடத்தில் பார்த்து எடுத்துத் தந்தவள் புவியியல் படித்த லீலாதேவி. அவளுக்கு வரைபட அறையில் பழக்கமுள்ள ஒருவர் இருந்தார். கருவியில் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். பெயர் கேட்டது. வீடு என்று போடுவான் என நினைத்தேன். 'அம்மா 1' என்று போட்டான். அப்பா முன்னமே இல்லை. அக்கா கனடாவில். ஞானேஸ்வரி ரீச்சர் என்று ஊர் அழைக்கும் அம்மா மட்டும் வீட்டில். அம்பு ஒருமுறை சுற்றி, எங்கள் குளியலறைப் பக்கம் திரும்பி நின்றது. 236 கிலோமீற்றர்.

"ஏன் ஒண்ணு? எத்தனை அம்மா உனக்கு?"

"இருக்கட்டும். மாறினாலும் மாறும்."

மாறியது. ஒக்டோபரில் சண்டை கிட்ட வர, அம்மா வீட்டை விட்டுத் தருமபுரத்துக்குப் போனார்: அம்மா 2. பிறகு விசுவமடு, உடையார்கட்டு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து இரண்டு நிமிடம் பேசுவார். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்பதை, மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஒழுங்கில் சொல்வார். சிறி அதைக் கேட்டு எழுதி, லீலாதேவியிடம் போய், வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்து இலக்கம் எடுப்பான். எடுத்த கடதாசியை எரிக்கச் சொன்னவன் நான். "கிளிநொச்சி ஐடென்டிட்டி, பொக்கட்ல வன்னி இலக்கம். நீயே போய் உள்ள உக்காந்துக்கலாம்" என்றேன். என்னுடைய யோசனைகள் அந்த வயதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. சவர்க்காரப் பெட்டியில் வைத்து எரித்தோம். அறை ஒருவாரம் கருகிய லக்ஸ் வாசத்தில் இருந்தது.

மாலை நேரத்தில் விரிவுரை முடிந்து வந்ததும் சிறி செய்வது ஒன்றுதான். சைக்கிளை விடுதியின் பின்பக்கம் நிறுத்தி, கருவியை முடுக்கி, அம்பு எங்கே நிற்கிறதோ அங்கே முன்சில்லைத் திருப்பி வைப்பான். மற்றச் சைக்கிள்கள் எல்லாம் சுவரைப் பார்த்து ஒழுங்காக நிற்கும். இவனுடையது மட்டும் வகுப்பில் பராக்குப் பார்க்கும் பிள்ளை போலக் கோணலாக நிற்கும். காவலாளி இரண்டு முறை நேராக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

மார்ச் தொடக்கத்தில் வந்த அழைப்பில் அம்மா இரணைப்பாலையில் இருந்தார். ஒரு தென்னந்தோட்டம், இரண்டாவது கிணறு, தார்ப்பாள். சைக்கிளை மழைக்கு விடாதே என்றாராம். பிறகு, "இப்ப எவ்வளவு தூரமாம்?" என்று கேட்டாராம். ஒவ்வொரு முறையும் கேட்பார். மறுநாள் லீலாதேவியிடம் போய் வந்தபிறகுதான் சரியான கணக்குத் தெரியும் என்பதால், சிறி உத்தேசமாக 230 என்று சொல்லியிருக்கிறான்.

"அப்ப கிட்டத்தான்" என்றாராம் அம்மா.

அம்மா 5. சரியாக 229. வீட்டை விட்டு ஓட ஓட, அம்மா கண்டிக்கு ஏழு கிலோமீற்றர் கிட்ட வந்திருந்தார். அடுத்த வாரம் வரைபட அறையின் வடக்குத் தாள்கள் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அம்மாவும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கடுகண்ணாவை ஏற்றத்தில், வழக்கமாக இல்லாத இடத்தில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு: சாவடி வந்தால் கருவி என்னிடம். என் அடையாள அட்டையில் கலஹா. தேயிலைக்காரன் என்று சிரித்துவிட்டு விடுவார்கள். சிறி கருவியைக் கழற்றி என் பையில் போட்டான். பொலிஸ்காரர் அவனுடைய அட்டையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார், பிறகு மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த வாங்கில் உட்காரச் சொன்னார். என்னை வீதியோரம் நிற்கச் சொன்னார். உள்ளே யாருக்கோ தொலைபேசி எடுத்தார்கள். இன்னொருவர் சிறியின் பையைத் தரையில் கொட்டி, பஞ்சர் ஒட்டும் பசையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது என் பை.

நான் வெற்றிலை எடுப்பவன் போலப் பைக்குள் கையை விட்டேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இல்லை. பைக்குள்ளேயே கருவியை முடுக்கினேன். ஐந்து பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஐந்தும் வன்னி. கடைசி ஒன்று, அந்த மாதத்தில் நாடு முழுக்கச் செய்தியில் கேட்ட இடம். பட்டியலோடு அகப்பட்டால் சிறி அந்த வாங்கிலிருந்து எழும்ப மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, பெரும்பாலான நாட்களில்.

மொத்தமாக அழிக்க அந்த மலிவுக் கருவியில் வழி இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டது. அம்மா 1, அழிக்கவா? வலப்பக்கப் பொத்தான். நகம். ஆம். அம்மா 2, அழிக்கவா? ஆம். இறுகிய பொத்தான் மூன்றாவதில் வேலை செய்யவில்லை. இரண்டு முறை அழுத்தினேன். அம்மா 5 வந்தபோது என் நகம் மடங்கி இரத்தம் வந்திருந்தது. அது கேட்டது. ஆம் என்றேன்.

பொலிஸ்காரர் கருவியை எடுத்துப் பார்த்தார். "மே மொகத்த?" இது என்ன என்கிறார்.

சைக்கிள் ஓடிய தூரம் காட்டுவது என்று சிங்களத்தில் சொன்னேன். அழுத்திப் பார்த்தார். வெறும் பட்டியல். இதில் ஒன்றுமே இல்லையே என்றார், எனக்காக வருத்தப்படுபவர் போல. கலஹா என்றால் தேயிலை மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார். அதற்குள் தொலைபேசியில் என்ன பதில் வந்ததோ, சிறியையும் போகச் சொன்னார்கள். பொலிஸ்காரர் சிறியின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அம்மா கொஹெத?" என்று கேட்டார். அம்மா எங்கே என்று. அந்த ஒரு சொல் அவருக்கும் அதேதான். சிறி கையால் பொதுவாக ஒரு திசையைக் காட்டினான்.

உச்சியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. இரண்டு பிளேன்ரீ சொன்னோம். சிறி கையை நீட்டினான். கொடுத்தேன். முடுக்கினான். பார்த்தான். பெற்றரியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன். "பைய பாக்க வந்தாங்க. வேற வழி தெரியல."

பிளேன்ரீ வந்தது. சிறி சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தான்.

"எங்கயும் எழுதி வச்சிருக்கிறியா?"

"எரிச்சிட்டோமே."

"ஓம். எரிச்சம்."

"ஞாபகம் இருக்குமேடா. நீதான எடுத்த."

"ஒன்பது பாகை பத்தொன்பது. பிறகு மூண்டு இலக்கம். முந்நூற்றுச் சொச்சமோ, எழுநூறோ." விரலால் மேசையில் எழுதி அழித்தான். "அதில பிழைச்சா ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போயிடும்."

"ஒரு கிலோமீற்றர்தான. உத்தேசமா போட்டுக்கலாம்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கியது. அந்த மாதம் அங்கே சண்டைக்குள் சிக்கி எல்லோரும் நின்ற இடம் மொத்தமாகவே சில கிலோமீற்றர்தான்.

"அம்மாவை உத்தேசமாப் போடேலாதடா மச்சான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரீச்சருடைய மகன், பிழையான விடையைத் திருத்துவதுபோலச் சொன்னான். பிறகு மீதிப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, "நீ செய்தது சரிதான்" என்றான். அதை அவன் சொல்லியிருக்கக்கூடாது.

அன்று மாலை சைக்கிளைச் சுவரைப் பார்த்து நிறுத்தினான். காவலாளி போகும்போது பார்த்துவிட்டு, நின்று, இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

மே மாதம் போர் முடிந்ததென்று கண்டியில் வெடி கொளுத்தினார்கள். கன்ரீனில் எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் வாங்கிச் சாப்பிட்டோம். சாப்பிடாமல் இருந்தால் ஆட்கள் கண்ணில் படும். சிறி நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். அடுத்த வாரம் வவுனியாவுக்கு பஸ் ஏறினான், அம்மாவை அகதி முகாம்களில் தேட. சைக்கிளை மழைக்கு விடாதே என்றான். கருவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

போய் ஒன்பது நாள் கழித்து ஒருமுறை தொலைபேசியில் பேசினான். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். ஞானேஸ்வரி என்றால் மூன்று பேர் வருகிறார்களாம். "ரீச்சர் எண்டு கூப்பிட்டா இன்னும் கனபேர் வருகினம்" என்றான். இன்னும் பார்க்காத பகுதிகள் இருக்கின்றன என்றான். பிறகு, "இப்ப எவ்வளவு தூரமடா?" என்று கேட்டான். காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

மழை தொடங்கியிருந்தது. நான் கீழே போய் சிறியின் சைக்கிளைக் கூரைக்குள் இழுத்தேன். கருவிக்குப் புதுப் பெற்றரி போட்டு முடுக்கினேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டது. கேட்டபடியே நின்றது. முன்சில்லைக் குளியலறைப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கூடிவிட்டதுபோல இருந்தது. கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பினேன். சில்லிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காவலாளி குடையோடு வந்து, கைவிளக்கை என் கைக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.