பாடகியின் தாய்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் உறவினர் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பெரிய மனிதர்களின் மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லாரையும் பற்றி வாசகர்கள் கட்டுரை அனுப்புவார்கள். அதில் யார் களஞ்சியத்தில் ஏறத் தகுதியானவர் என்று பரிந்துரைப்பது அங்கே உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியனின் வேலை. ஆறு வருஷத்தில் தொள்ளாயிரம் சொந்தக்காரர்களைத் தள்ளியிருந்தான். கத்திரி என்றால்தான் அவனை எல்லாருக்கும் தெரியும்.

அவன் முறை எளிது. பிரபலத்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு படிப்பான். மிச்சம் ஏதாவது இருந்தால் ஆள் பிழைத்தார். விஞ்ஞானியின் மைத்துனர் விரலுக்கடியில் முழுசாகக் காணாமல் போனார். நடிகரின் நாய் தப்பித்தது. அது ஓர் அமைச்சரைக் கடித்து மூன்று பத்திரிகைகளில் படத்தோடு வந்திருந்தது, தனிச் சாதனை.

அன்றைய ஆசிரியர் கூட்டத்துக்கு வந்த கட்டுரை, ஊரறிந்த பாடகி ஒருத்தியின் அம்மாவைப் பற்றியது. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக்கறை விரிப்புகளைத் துவைத்து மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பியவள். கையுறை தராவிட்டால் வேலையில்லை என்று பதினோரு நாள் சலவை இயந்திரங்களை நிறுத்தி, எல்லாருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். விரலை எங்கே வைத்தாலும் ஆள் மிச்சமிருந்தாள். இருக்காமல் எப்படி? புனைபெயரில் எழுதி அனுப்பியதே கத்திரிதான். பாடகி அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"கையுறைக் கதை அருமை," என்றார் தலைமை ஆசிரியர். "அச்சுல எங்கே வந்துச்சு?"

ஆதாரங்களைச் சரிபார்க்கும் 'சான்று மேடம்' மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அச்சில் வராவிட்டால் சூரியன் உதித்ததையே ஒத்துக்கொள்ளாதவர். "எங்கேயும் வரலை சார். பாடகியோட பேட்டி நாப்பது பார்த்துட்டேன். 'எனக்குன்னு யாருமில்லை, காத்துதான் பாட்டு சொல்லிக் கொடுத்துச்சு'ன்னே சொல்றாங்க."

"காத்துக்குக் கட்டுரை இருக்கா?"

"இருக்கு சார். மூணு பக்கம்."

"அப்ப பாடகியோட குரு ஏற்கெனவே ஏறியாச்சு. அடுத்தது?"

"சார், அந்தம்மா உயிரோடதான் இருக்காங்க," என்றான் கத்திரி. "நேர்லயே கேட்டுடலாமே?"

"தன்னைப் பத்தித் தானே சொல்றது செல்லாதுன்னு விதி எழுதினதே நீதானேப்பா? பாடகி எங்கேயாவது ஒரு வரி சொல்லட்டும், பார்ப்போம்."

சாப்பாட்டு இடைவேளையில் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அடுத்த பேட்டியில அம்மாவைப் பத்தி ஒரே ஒரு வரி."

"டேய், ஜனங்களுக்கு நான் அனாதைடா. இப்பப் போய் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினா காறித் துப்புவாங்க. நான் என்ன குறை வச்சேன் அவங்களுக்கு? போன வருஷம்கூட வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன்ல?"

சாயங்காலம் கதவைத் திறந்த அம்மா, அவன் உள்ளே வருவதற்குள் கேட்டாள். "என்னப்பா, ஏறிட்டேனா? பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"இல்லம்மா. சான்று இல்லையாம்."

"குத்துக்கல்லாட்டம் நான் உட்கார்ந்திருக்கேன், அப்புறம் என்னடா சான்று?"

"பத்திரிகையில வரணும்மா."

"சரி, எங்களை மாதிரி அம்மாக்களைப் பத்தி பத்திரிகைக்காரன் எப்பதான் எழுதுவான்?"

ஆறு வருஷப் பழக்கம். யோசிக்கும் முன்னே வாயில் வந்துவிட்டது. "காலமான அன்னிக்கு."

சொன்னபிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? அம்மா கோபப்படவில்லை. வெடித்துப்போன உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள்.

"கையுறை விஷயமும் போடுவாங்களா?"

"அனாதைப் பாடகிக்கு அம்மா இருந்தாங்கன்னு தெரிஞ்சா விழுந்து விழுந்து எழுதுவாங்கம்மா. உன்கூட வேலை பார்த்தவங்களைத் தேடிப் பிடிச்சுக் கேப்பாங்க. எல்லாம் வரும்."

"அப்ப ஒரேயடியாத் தள்ளிடாதேடா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. எனக்கும் எழுபத்தாறு ஆச்சே."

மறுநாள் காலையில் கத்திரி கோப்பைத் திறந்தான். முடிவு என்ற கட்டத்தில் 'நிலுவை' என்று எழுதினான். காரணம் என்ற கட்டத்தில், அலுவலக வழக்கப்படியே, திருத்தமான கையெழுத்தில் எழுதினான்: 'சான்று எதிர்பார்க்கப்படுகிறது.'